கொங்கு நாட்டுச் சம்பளக் கணக்கு: பட்டுவாடாவிலிருந்து டெண்டர் வரை

கொங்கு நாட்டில் கூலி வெகுகாலம் தானியமாகவே அளக்கப்பட்டது. தோட்டங்காடுகளில் ஆண்டு முழுவதும் உழைத்த பண்ணையாளுக்குக் கம்பும் சோளமும் ராகியும் வள்ளக் கணக்கில் கிடைத்தன. இடையில் வாங்கிய முன்பணம், கல்யாணத்துக்கோ சாவுக்கோ பட்ட கடன், நோம்பிக்குக் கொடுத்த துணி எல்லாம் பண்ணையக்காரரின் நினைவில் ஏறிக்கொண்டே போகும். கணக்கை நேர்செய்யும் நாளில் அந்த நினைவை எதிர்த்துக் கேட்க ஆளின் கையில் எழுத்து எதுவும் இருக்காது. ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம் என்று ஏட்டில் எழுதி, மாதம் முடிந்ததும் காசாகக் கொடுக்கும் வழக்கம் ஆலைகளோடுதான் இங்கே பரவியது.

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் கம்பெனி நகரின் முதல் நூற்பாலை. ஊரார் வாயில் அது ஸ்டேன்ஸ் மில். 1910-ல் லட்சுமி மில்லும் அதையொட்டிய ஆண்டுகளில் காளீஸ்வரா மில்லும் 1922-ல் ரங்கவிலாஸ் மில்லும் வந்தன. 1930-களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்தபிறகு ஆலைகள் பெருகின. பீளமேடும் சிங்காநல்லூரும் சங்குச் சத்தத்துக்கு எழும் ஊர்களாயின. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்து விவசாயக் குடும்பத்தினர். அவர்களை ஆலைக்குள் சேர்த்தவர் மேஸ்திரி. யாருக்கு வேலை, யாரைப் பதிலியாக வாசலில் நிறுத்துவது, யாருக்கு அபராதம் என்பதெல்லாம் அவர் சொல்லில் இருந்தது. ஆலைக்குள் ஏடு வந்துவிட்டாலும், அந்த ஏட்டில் எந்தப் பெயர் ஏறும் என்பதை அவரே முடிவு செய்தார். பண்ணையக்காரரின் நினைவுக்கு இருந்த அதிகாரத்தில் பாதி மேஸ்திரிக்கு இடம் மாறியது என்றே சொல்லலாம்.

ஆலையின் கணக்கு டைம் ஆபீஸில் தொடங்கியது. தொழிலாளி டோக்கனைக் கொடுத்து உள்ளே போவார். டைம் கீப்பர் மஸ்டர் ரோலில் வருகையைப் பதிவார். நூல் சுற்றும் பிரிவு போன்ற இடங்களில், பெண்கள் நிறைந்திருந்த ரீலிங்கில் குறிப்பாக, நாள் கணக்கு மட்டும் போதாது. எடுத்த அளவுக்குத் தக்க கூலி என்பதால் அளவுக் கணக்கு தனியாக வரவேண்டும். இரண்டையும் கூட்டிக் கழித்துச் சம்பளப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு வருவது பட்டுவாடா. காசாளர் எண்ணிக் கொடுக்க, தொழிலாளி கைநாட்டோ கையெழுத்தோ வைத்து வாங்கிப் போவார். ஆலை வாசலில் அன்று கடன்காரர்களும் காத்திருப்பார்கள்.

இதே மாவட்டத்தின் மலைப்பகுதியில் வேறொரு கணக்கு நடந்தது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலையின் வால்பாறைப் பகுதியில் காடழித்துத் தோட்டங்கள் போடப்பட்டபோது, சமவெளியிலிருந்து முன்பணம் கொடுத்து ஆட்களை ஏற்றிச் சென்றவர் கங்காணி. விடியுமுன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பெயர்கள் செக்ரோல் என்ற வருகை ஏட்டில் ஏறும். கொழுந்தின் எடை, அதில் ஈரத்துக்குக் கழிப்பு, முன்பணப் பிடித்தம், அரிசிக்குப் பிடித்தம் என்று கழித்துக்கொண்டே வந்தால், ஆண்டு முடிவில் கையில் வருவதைவிடத் தோட்டத்துக்குத் தர வேண்டியது கூடுதலாக நிற்பதும் உண்டு. இந்த வாழ்வைத் தோட்ட மருத்துவராக இருந்து பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’. கணக்கு எழுதப்படுவதால் மட்டும் நேர்மை வந்துவிடாது, எழுதுபவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே முக்கியம் என்பதற்கு வால்பாறையின் செக்ரோல் நல்ல சான்று.

அந்தக் கடமையைச் சட்டமாக்கிய முதல் பெரிய முயற்சி 1936-ம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டம். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931-ல் தந்த அறிக்கை இதற்கு வழி திறந்தது. சம்பளக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆயிரம் பேருக்குக் குறைவாக உள்ள ஆலை 7 நாளுக்குள்ளும் மற்றவை 10 நாளுக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். நாணயமாகவோ நோட்டாகவோதான் கொடுக்க வேண்டும். எந்தெந்தக் காரணத்துக்குப் பிடிக்கலாம் என்று சட்டமே பட்டியலிட்டது. அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது. அதைத் தனிப் பதிவேட்டில் எழுதி, சேரும் தொகையைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். சட்டத்தின் சுருக்கத்தைத் தொழிலாளர் மொழியில் எழுதி ஆலையில் மாட்டவும் வேண்டும். மேஸ்திரியின் அபராதம் அன்றோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அது ஒரு கட்டத்துக்குள் எழுதப்பட வேண்டியதாயிற்று. எழுதப்பட்டதைக் கேள்வி கேட்கலாம்.

கேள்வி கேட்க ஆட்களும் திரண்டார்கள். 1930-களின் பிற்பாதியில் கோவை ஆலைகளில் வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன. என்.ஜி. ராமசாமி போன்றவர்கள் சங்கம் கட்டினார்கள். சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டதும், அதே ஆண்டு ஸ்டேன்ஸ் மில்லில் நடந்த துப்பாக்கிச் சூடும் இந்தக் காலத்தின் கசப்பைச் சொல்லும். 1947-ல் சென்னை மாகாண ஆலைகளுக்கான தொழில் தீர்ப்பாயத் தீர்ப்பு அடிப்படைச் சம்பளத்தையும் விலைவாசிக் குறியீட்டெண்ணோடு கட்டிய பஞ்சப்படியையும் வகுத்தது. கணக்கெழுதுபவருக்கு இதன் பொருள் ஒன்றுதான்: சம்பளம் இனி நிலையான தொகை இல்லை. விலைவாசி எண் ஒரு புள்ளி ஏறினாலும் ஆலை முழுவதற்கும் பதிவேட்டைத் திருத்த வேண்டும்.

அடுத்த இருபது ஆண்டுகளில் பதிவேடு பக்கவாட்டில் வளர்ந்தது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளமும், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பும் தந்தது. 1952 நவம்பரில் வருங்கால வைப்புநிதித் (பி.எஃப்.) திட்டம் வந்தபோது முதலில் சேர்க்கப்பட்ட ஆறு தொழில்களில் துணித்தொழிலும் ஒன்று. தொடக்க விகிதமான 6¼ சதவீதம் விசித்திரமாகத் தெரியலாம். அணாக் கணக்கில் அது ரூபாய்க்கு ஓர் அணா, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டம் முதலில் கால் பதித்தது சென்னையில் அல்ல, கோவையில்: 1955 ஜனவரியில். ஆலைகள் நெருங்கி நின்ற ஊர் என்பதால் அது பொருத்தமான தேர்வு. அந்நாளில் ஈ.எஸ்.ஐ. சந்தா சம்பளப் படிநிலைக்கேற்ற தொகையாக இருந்தது. ஆளுக்கொரு அட்டையில் வில்லை ஒட்டிச் செலுத்த வேண்டும். ஆயிரம் பேர் ஆலையில் வில்லை ஒட்டுவதே ஓர் எழுத்தருக்கு முழுநேர வேலை. 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. கூலி விகிதங்களை எல்லாம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் டைம் ஆபீஸுக்கு ஆண்டின் கடினமான காலமாயின.

மாநிலச் சட்டங்கள் தம் பங்குக்கு வந்தன. அவற்றில் மஸ்டர் ரோலின் தன்மையையே மாற்றியது 1981-ம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி என்றது அது. அதுவரை கூலிக்கு ஆதாரமாக மட்டும் இருந்த வருகைப் புள்ளி, அதன்பின் வேலைக்கே ஆதாரமாயிற்று. பதிலியாகவும் தற்காலிகமாகவும் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களின் வழக்குகளில் மஸ்டர் ரோல் முதன்மை ஆவணமாக நீதிமன்றம் ஏறியது. 479-வது நாளில் பெயர் ஏட்டிலிருந்து விழுவதும் அதன் பிறகே தொடங்கியது.

கணிப்பொறி இந்த வேலைக்குள் வந்தபோது புதிதாக எதையும் கணக்கிடவில்லை; ஏற்கெனவே இருந்த கட்டங்களைத் தானே நிரப்பியது. உலக அளவிலும் சம்பளக் கணக்கு வணிகக் கணிப்பொறியின் தொடக்க வேலைகளில் ஒன்று: லண்டனின் லயன்ஸ் தேநீர்க் கடை நிறுவனம் தானே உருவாக்கிய லியோ கணிப்பொறியில் 1950-களின் நடுவிலேயே ஊழியர் சம்பளத்தைப் போட்டது. கொங்கு நாட்டுச் சிறு தொழிற்சாலைகளுக்கு அந்த வசதி வரத் தனிக் கணிப்பொறி மலிவாக வேண்டியிருந்தது. பம்பு, மோட்டார், வார்ப்படம், வெட் கிரைண்டர் என்று 50 பேர், 100 பேர் வேலை செய்யும் பட்டறைகளில் கணக்குப்பிள்ளையின் மேசையில் பரவலாக உட்கார்ந்த மென்பொருள் டாலி. 1986-ல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பிறப்பிலேயே ஆலைத் தொடர்பு உண்டு. தென்னிந்திய, கிழக்கிந்தியத் துணியாலைகளுக்கு உதிரிப் பொருள் விற்ற ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்தை எழுதச் சொன்னதில் உருவானது அது. ஆயினும் சம்பளப் பகுதி அதில் சேர்ந்தது 2006-ல் வந்த டாலி 9-ல்தான். அதுவரை பட்டறைகள் சம்பளத்தை எக்செல் தாளிலும் பி.எஃப். கன்சல்டன்ட் அலுவலகத்திலும் ஓட்டின. பல பட்டறைகள் இன்றும் அப்படித்தான்.

ஆலைக் கணக்குக்கு அடங்காத இன்னொரு உலகம் திருப்பூர். அங்கே சம்பளம் மாதத்துக்கு இல்லை, வாரத்துக்கு; நாள் சனிக்கிழமை. அளவை நாளும் இல்லை, ஷிப்ட். 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். இரவு வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதிச் சரக்கு கிளம்பும் வாரத்தில் நள்ளிரவு தாண்டியும் நின்றால் இரண்டு. தையலில் பீஸ் ரேட், செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் ஷிப்ட் ரேட், இஸ்திரிக்கு வேறு. இவை எல்லாம் உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து போடும் கூலி ஒப்பந்தத்தில் சதவீத உயர்வாகத் தீர்மானிக்கப்படும். பஞ்சப்படிக்காக 1984-ல் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் அந்த நகரத்தின் நினைவில் இன்றும் இருக்கிறது. வெளியூர் மென்பொருள் விற்பனையாளர் முதல் தடவை திருப்பூருக்கு வந்து தடுமாறுவது இந்த ஒன்றரை ஷிப்ட்டில்தான். அவருடைய மென்பொருளில் ஒரு நாளுக்கு வந்தார், வரவில்லை, அரைநாள் என்ற மூன்று நிலைகளே இருக்கும்.

2016 நவம்பர் 8-ல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆனபோது சனிக்கிழமைக் கூலி நின்றது. அடுத்த சில வாரங்களில் வங்கிக் கணக்கே இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கம்பெனி வளாகங்களில் கணக்கு தொடங்கும் முகாம்கள் நடந்தன. ஆண்டு முடியுமுன் அவசரச் சட்டமும், 2017-ல் திருத்தச் சட்டமும் வந்து, தொழிலாளியின் எழுத்துச் சம்மதம் இல்லாமலேயே சம்பளத்தை வங்கியில் போட வழி செய்தன. 1936-ல் நாணயமாகவோ நோட்டாகவோ கையில் கொடு என்று சொன்ன சட்டம் 80 ஆண்டில் எதிர்த்திசைக்கு வந்து சேர்ந்தது. நூற்பாலைகளில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தமாகக் கொடுப்பதாகச் சொன்ன சுமங்கலித் திட்டத்துக்கும் மாதாமாதம் வங்கியில் விழும் சம்பளம் ஒரு முட்டுக்கட்டை. பண்ணையத்தின் ஆண்டுக் கணக்கை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்த திட்டம் அது. வேறு வகையாகப் பார்ப்பதற்கில்லை.

இத்தனை கட்டங்கள் கொண்ட ஒன்றை விலைக்கு வாங்குவது எப்படி? தனியார் ஆலைகளும் கம்பெனிகளும் பெரும்பாலும் மூன்று கொட்டேஷன் வாங்கும். பிறகு சொந்தக்காரரோ சங்கத்து நண்பரோ எதைப் பயன்படுத்துகிறார் என்று விசாரித்து முடிவெடுக்கும். பொதுப் பணத்தில் ஓடும் நிறுவனங்களுக்கு அந்த வழி இல்லை; டெண்டர்தான் விட வேண்டும். கொங்கு நாட்டில் அப்படிப்பட்டவை பல: 1981-ல் மாநகராட்சியான கோவை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், 1972-ல் சேரன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகக் கோவைப் பிரிவு. 1974-ல் நலிந்த ஆலைகள் நாட்டுடைமையானபோது ஸ்டேன்ஸ் மில்லே தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு வந்தது. நகரின் முதல் நூற்பாலை, பிற்காலத்தில் டெண்டர் விதிக்கு உட்பட்ட ஆலை.

மூடிய உறைக்குள் விலை எழுதிக் கொடுப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சென்னை மாகாணம் 1933-ல் கொண்டுவந்த வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் கீழ் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936-ல் திருப்பூரில் பருத்திக்காகத் திறக்கப்பட்டது. அவிநாசியிலும் மூலனூரிலும் திருச்செங்கோட்டிலும் இன்றும் பருத்தி மறைமுக ஏலத்தில் விற்கிறது. மஞ்சளுக்கும் கொப்பரைக்கும் இதே முறை வேறு ஊர்களில் உண்டு. வியாபாரிகள் குவியல் குவியலாகப் பஞ்சைக் கிள்ளிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டி திறந்ததும் கூடிய விலை அறிவிக்கப்படும். பிடிக்காவிட்டால் விவசாயி தரமாட்டேன் என்று சொல்லிவிடலாம். இந்த முறை நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், வாங்கப்படும் பொருள் எல்லார் கண்முன்னும் கிடப்பதுதான்.

அரசு டெண்டர் இதன் தலைகீழ் வடிவம். இங்கே வாங்குபவர் ஒருவர், விற்பவர் பலர். குறைந்த விலை வெல்லும். சாலை, கட்டடம், பாலம் கட்டப் பொதுப்பணித்துறை பிரிட்டிஷ் காலத்திலிருந்து பயன்படுத்திய இந்த வழக்கத்துக்கு 1998-ல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் முழு உருவம் கொடுத்தது. இந்திய மாநிலங்களில் இத்தகைய சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடு. 2000-ல் விதிகள் வந்தன. அறிவிப்பு டெண்டர் இதழில் வெளியாக வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தரவேண்டும். வந்த உறைகளை ஒப்பந்ததாரர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும். மதிப்பீடு எந்த அளவுகோலில் என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். எழுதாத அளவுகோலைப் பின்னால் நுழைக்க முடியாது. ஏற்கப்பட்டது ஏன், நிராகரிக்கப்பட்டது ஏன் என்பதற்குக் காரணம் பதிவாக வேண்டும். முடிவில் குறைபட்டவர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சம்பள மென்பொருள் போன்றவற்றுக்கு இரண்டு உறை முறை. முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி: ஆண்டு வரவுசெலவு, முன்பு செய்த இதே அளவிலான பணிகள், ஆள்பலம், முன்வைப்புத் தொகை. இரண்டாவதில் விலை மட்டும். முதல் உறையில் தேறியவர்களின் இரண்டாவது உறையே திறக்கப்படும். உறைகள் வருவதற்கு முன்பே டெண்டருக்கு முந்தைய கூட்டம் ஒன்று நடக்கும்; விற்பனையாளர்கள் கேட்கும் சந்தேகங்களுக்கு எழுத்தில் பதில் தந்து அதை எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். இந்தக் கூட்டத்தைச் சடங்காக நடத்தும் அலுவலகங்களே அதிகம். உண்மையில் மொத்த நடைமுறையிலும் பயனுள்ள நாள் அதுதான். நல்ல விற்பனையாளர் அன்று கேட்கும் கேள்விகளிலிருந்தே அவருக்குச் சம்பளக் கணக்கு தெரியுமா என்பது வெளிப்பட்டுவிடும்.

ஏனென்றால் பெருக்கலும் கழித்தலும் எல்லா மென்பொருளும் செய்யும். சிக்கல் விதிகளில் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். ஆனால் ஒரு தொழிலாளியின் சம்பளம் ஜூனில் அதைத் தாண்டினாலும் செப்டம்பரில் சந்தாக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். ஈ.எஸ்.ஐ. சந்தாவில் பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். வைப்புநிதியில் அருகிலுள்ள ரூபாய்க்கு. 58 வயது நிறைந்தவருக்கு ஓய்வூதியப் பங்கு நின்று, முதலாளியின் பங்கு முழுவதும் வைப்புநிதிக்குப் போக வேண்டும். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தொழில்வரி மாதாமாதம் மாநில அரசுக்குப் போகிறது; தமிழ்நாட்டில் அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சிக்கு. ஒரே கம்பெனியின் ஒரு பிரிவு கோவை மாநகராட்சியிலும் இன்னொன்று பக்கத்து ஊராட்சியிலும் இருந்தால் பணம் இரண்டு இடத்துக்குப் பிரிய வேண்டும். போக்குவரத்துக் கழகமானால் ஓட்டுநர் நடத்துநருக்கு வசூலைப் பொறுத்த படி வேறு. அரசு அலுவலகமானால் அகவிலைப்படி முன்தேதியிட்டு உயரும். நிலுவையைக் கணக்கிடும்போது இடையில் பதவி உயர்வு பெற்றவர், சம்பளமில்லா விடுப்பில் இருந்தவர், இறந்தவர் என ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு.

இந்த விதிகளில் பாதி எந்த ஆவணத்திலும் எழுதப்பட்டிருக்காது. இருபது ஆண்டு சம்பளப் பிரிவில் இருந்த ஒரு கண்காணிப்பாளரின் தலையில் இருக்கும். டெண்டர் நிபந்தனைகளை எழுதும்போது அவரைக் கூப்பிட மாட்டார்கள். வேறு நிறுவனத்தின் பழைய டெண்டரை எடுத்துப் பெயரை மாற்றிப் போடுவார்கள். பஞ்சைப் போல இங்கே பொருள் கண்முன் கிடப்பதில்லை என்பதால் எழுத்தில் இல்லாதது விலையிலும் இருக்காது. குறைந்த விலை போட்டவர் எழுதியதை மட்டும் செய்வார். எழுதாததுக்குப் பின்னால் தனிக் கட்டணம் கேட்பார். பழைய கணக்கும் புதிய மென்பொருளும் மூன்று மாதமாவது இணையாக ஓட வேண்டும், இரண்டு சம்பளப் பட்டியலும் ரூபாய் பிசகாமல் ஒத்துப்போன பிறகே பெருந்தொகை தரப்படும் என்ற ஒரு நிபந்தனை, தகுதிச் சான்றிதழ்கள் பத்தைவிடப் பாதுகாப்பானது. ஒப்பந்தம் முடியும்போது ஊழியர் தரவு முழுவதையும் படிக்கக்கூடிய வடிவத்தில் திருப்பித் தரவேண்டும் என்பதும் அப்படியே. இது இல்லாத இடத்தில் முதல் டெண்டரில் வென்றவரே அடுத்த டெண்டரிலும் வெல்வார்.

தமிழ்நாட்டில் இவ்வகையில் நடந்த மிகப் பெரிய முயற்சி மாநில அரசின் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம். அதற்கு முன் கருவூலங்களில் தேசியத் தகவலியல் மையம் எழுதிய பட்டியல் ஏற்பு மென்பொருளும் வெப் பேரோலும் ஓடின. அவற்றுக்குப் பதிலாகச் சம்பளம், பணிப்பதிவேடு, ஓய்வூதியம், கருவூலம் எல்லாவற்றையும் ஒன்றாக்கும் இந்தத் திட்டத்துக்கு டெண்டர் வழியாக விப்ரோ தேர்வானது; மதிப்பு சுமார் 289 கோடி ரூபாய். சுமார் 9 லட்சம் அரசு ஊழியர், ஆசிரியர்களின் சம்பளம் இன்று இதன் வழியே போகிறது. ஊழியர்கள் பயன்படுத்தும் செயலிக்குக் களஞ்சியம் என்று பெயர். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மாவட்டங்களின் பள்ளித் தலைமையாசிரியர்களும் வட்டார அலுவலர்களும் பட்டியலைக் கையில் தூக்கிக்கொண்டு சார்கருவூலத்துக்கு அலைந்த காலம் இதோடு முடிந்தது. மிகக் கடினமாக இருந்தது மென்பொருளைவிடப் பணிப்பதிவேடுகளை ஏற்றும் வேலை. முப்பது ஆண்டுக் கையெழுத்து, ஒட்டிய தாள்கள், அடித்துத் திருத்திய பிறந்த தேதி எல்லாவற்றையும் கணிப்பொறிக்குள் கொண்டுபோனபோது, பழைய பிழைகளும் கூடவே போயின. வருமான வரியைத் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு வந்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததற்கும் அடிப்படை இதே போன்றதுதான்: கணக்கு எழுதுபவரிடம் நேரில் போய்க் கேட்கலாம், செயலியிடம் யாரைக் கேட்பது?

பிற நாடுகள் இதைவிடப் பெரிய விலை கொடுத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை, டெண்டரில் தேர்ந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் சம்பள மென்பொருளை 2010 மார்ச்சில் தொடங்கியது. செவிலியர்கள் பலருக்குச் சம்பளம் வரவில்லை, அல்லது கூடுதலாக வந்தது. சம்பளத்தைக் கணக்கிடும் சேர்க்கைகளே 24,000 வகை என்று பின்னால் கண்டார்கள். மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடப்பட்டது. 2013-ல் நீதிபதி ரிச்சர்ட் செஸ்டர்மன் விசாரணை, தவறு கொள்முதல் நடைமுறையிலேயே தொடங்கியதாகச் சொன்னது. கனடா கூட்டரசின் ஃபீனிக்ஸ் திட்டம் 2016-ல் தொடங்கி அதே கதையை இன்னும் பெரிய அளவில் நடத்தியது. அங்கே சம்பள விதிகள் 80,000. செலவைக் குறைக்க அனுபவமுள்ள சம்பள எழுத்தர்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டதுதான் அங்கே செய்த பெரும்பிழை. டைம் ஆபீஸ் எழுத்தரின் மதிப்பு அவர் போனபிறகு தெரிந்தது.

2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஊதியத் தொகுப்பு 1936-ம் ஆண்டுச் சட்டத்தையும் 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையும் போனஸ் சட்டத்தையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளைக் கூட்டி வைப்புநிதியைச் சுருக்கும் வழக்கத்துக்கு அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கில் சேரும். கோவை, திருப்பூர், ஈரோட்டு நிறுவனங்களின் சம்பள மென்பொருள் ஒவ்வொன்றிலும் இந்தச் சூத்திரம் மாற வேண்டும். சட்டம் மாறினால் அதற்கேற்ற திருத்தத்தைக் கூடுதல் கட்டணமின்றிச் செய்து தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்த நிறுவனங்களுக்கு இதில் செலவில்லை. எழுதாதவை விற்பனையாளர் சொல்லும் தொகையைக் கொடுக்க வேண்டியதுதான்.